ஒட்டடை தின்னும் பூச்சிக்கு என்ன பெயர்?

ஜார்ஜ்டவுனில் லெபு பாசார், லெபு குயீன் பக்கம் இருக்கும் பழைய கடைவீடு எதற்குள்ளாவது போனால், மாடிப்படிச் சுவரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். பூசணி விதை அளவில், அதே தட்டை வடிவில், சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். காரை பெயர்ந்த துணுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம். சற்றுப் பொறுத்தால் அது நகரும். ஒரு முனையிலிருந்து கரும்பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் வெளியே நீளும், சுவரைப் பற்றும், கூட்டை இழுத்துக்கொண்டு ஓரடி முன்னேறும். விரலால் தொட்டால் தலை உள்ளே போய்விடும், கூட்டின் வாயும் மூடிக்கொள்ளும்.

பழைய வீடுகள்தான் என்றில்லை. ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளின் குளியலறையில், அலமாரிக்குப் பின்னால், சாமிப் படங்களுக்கு மேலே எங்கும் இது உண்டு. காற்றில் ஈரம் வேண்டும், மூலையில் ஒட்டடை வேண்டும். பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இது என்ன என்று வீட்டாரைக் கேட்டால் “ஏதோ புழு” என்பதற்கு மேல் பதில் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூச்சியியல் படித்தவரே இதன் முழுப்பெயரைச் சொல்லுமுன் கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இதைப் பார்த்ததும் “உலாட் புங்குஸ்” என்று சொல்லக்கூடும். செம்பனை ஓலையில் தொங்கும் அந்தப் பைப்புழுக்களும் கூட்டோடு திரிபவைதான். மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மஹாசினா கார்பெட்டி என்ற மூன்று இனங்கள் மலேசியச் செம்பனைக்குப் பெருந்தொல்லை. 2013-இல் பைப்புழுவைத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டத்தின் கீழ் அபாயகரமான பூச்சியாக அரசு அறிவித்தது. ஆனால் அந்தக் குடும்பம் வேறு, சைக்கிடே. அவை பச்சை ஓலையைத் தின்பவை. அவற்றில் பல இனங்களின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. வாழ்நாளெல்லாம் பையை விட்டு வெளியே வராது. நம் வீட்டுச் சுவரில் இருப்பதன் பெண்ணுக்கு நல்ல இறக்கை உண்டு, இலையை அது தொடுவதும் இல்லை. அது டினெய்டே குடும்பம். கம்பளித் துணியை ஓட்டை போடும் அந்துப்பூச்சிகளின் வம்சம். கூடு கட்டும் பழக்கம் இரு குடும்பத்திலும் இருப்பதால் ஒன்றென்று எண்ணுவது எளிது. ஆங்கிலத்தில்கூட இதற்குக் ‘காரைப் பைப்புழு’ என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. குழப்பத்துக்கு அதுவும் துணை.

கூட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நம் கண்ணில் படுவது அதுதான். முட்டையிலிருந்து வந்த புழு முதலில் செய்யும் வேலை வீடு கட்டுவது. வாயிலிருந்து வரும் பட்டிழையால், இரு முனையும் தரையில் பதிந்த ஒரு சிறு வளைவு அமைக்கிறது. அதன் வெளிப்புறத்தில் மணல் துகள், துரு, பூச்சிகளின் எச்சம், செத்த எறும்பின் உறுப்பு, தலைமுடி, நூல் என்று அகப்பட்டதையெல்லாம் ஒட்டுகிறது. உட்புறம் முழுக்கப் பட்டு மட்டும்தான். வளைவை நீட்டி நீட்டிச் சுரங்கமாக்கி, பிறகு அடிப்பக்கத்தையும் மூடித் தரையிலிருந்து விடுவித்துக்கொள்கிறது. இப்போது இருபுறமும் திறந்த ஒரு குழாய் அதற்குச் சொந்தம். அதை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறது.

ஒவ்வொரு முறை தோலுரித்து வளரும்போதும் கூட்டையும் பெரிதாக்குகிறது. முதிர்ந்த புழுவின் கூடு 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நடுப்பகுதி அகன்றிருப்பதற்குக் காரணம் உண்டு. புழு உள்ளேயே உடலை வளைத்துத் திரும்பி மறு முனை வழியாகத் தலையை நீட்ட அந்த இடம் வேண்டும். இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் இதற்கு முன்வாசல், பின்வாசல் என்ற பேச்சே இல்லை. ஆபத்து வந்தால் கீழ் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு வாயை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து அதைத் திறப்பது லேசில் நடக்காது.

இந்த வாழ்க்கையைப் பொறுமையாகக் கவனித்து எழுதியவர் பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனெட் அயெல்லோ. 1979-இல் ‘சைக்கி’ என்ற பூச்சியியல் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. வீட்டுச் சுவரில் ஊர்ந்த உயிரைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். காட்டுக்குள் போய்த்தான் அறிவியல் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்கலாம்.

புழுவின் முக்கிய உணவு நாம் வாரக்கடைசியில் கம்பு கொண்டு அடித்து இறக்கும் ஒட்டடை. சிலந்தி இழை புரதம். கைவிடப்பட்ட பழைய வலை அதற்குப் போதுமான சாப்பாடு. உதிர்ந்த முடியையும் கம்பளியையும், தன் இனத்தார் விட்டுச் சென்ற காலிக் கூடுகளையும்கூட அது தின்னும். முடியும் கம்பளியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை; பெரும்பாலான உயிர்களால் அதைச் செரிக்க முடியாது. கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அந்தப் புரதத்தை இறுக்கி வைத்திருக்கின்றன. துணி அந்துக்களின் நடுக்குடல் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தச் சூழலில் கந்தகப் பிணைப்புகள் அறுபட்ட பிறகே நொதிகள் வேலை செய்கின்றன. பட்டுப்புடவையும் கம்பளிச் சால்வையும் வைத்திருப்பவர்கள் இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான். ஆனால் பினாங்கு வீடுகளில் கம்பளி எத்தனை பேரிடம் இருக்கிறது? இங்கே இது பெரும்பாலும் ஒட்டடையைத் தின்று பிழைக்கும் அப்பிராணி. கடிக்காது, கொட்டாது.

ஆறேழு முறை தோலுரித்து, ஏறக்குறைய 50 நாள் புழுவாக வாழ்ந்தபின் அது செங்குத்தான சுவரில் ஏறுகிறது. கூட்டின் இரு முனைகளையும் பட்டால் சுவரோடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாக மாறுகிறது. கட்டுமுன் ஒரு முனையின் விளிம்புகளைச் சற்றே வெட்டி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி வைத்துக்கொள்கிறது. 11 முதல் 23 நாளில் அந்து வெளியேறும். அப்போது கூட்டுப்புழுவின் மெல்லிய ஓடு பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கூரையோரம் உயரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் கூட்டைப் பார்த்தால் இதைத் தேடுங்கள். ஓடு நீட்டியிருந்தால் குடியிருந்தவர் பறந்துவிட்டார் என்று அர்த்தம்.

வெளியே வரும் அந்து சாம்பல் நிறம். பெண்ணின் இறக்கை விரிப்பு 10 முதல் 13 மில்லிமீட்டர். ஆண் அதைவிடச் சிறியது. பெண்ணின் முன்னிறக்கையில் நான்கு கரும்புள்ளிகள் வரை இருக்கலாம். உட்காரும்போது இறக்கைகளை உடலின் மேல் கூரையாகச் சாய்த்து வைக்கும். பின்னிறக்கையின் ஓரத்தில் நீண்ட மயிர்க்குஞ்சம். தலையில் கலைந்த முடி மண்டியிருக்கும். டினெய்டே குடும்பத்தை அடையாளம் காண இந்தப் பரட்டைத் தலை ஒரு நல்ல குறி. கைக்கண்ணாடி இருந்தால் இதுவரை யாரும் வந்துவிடலாம். பெண் சுமார் 200 முட்டைகளைச் சந்துகளில் இட்டுவிட்டுச் சாகிறது. பத்து நாளுக்குச் சற்று மேல் ஆகும் அவை பொரிய.

வாழ்க்கை வரலாறு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பெயரில் என்ன சிக்கல்?

பேரினத்தின் பெயரில் சிக்கல் இல்லை. ஃபெரியோக்கா. 1956-இல் ஹோவர்ட் ஹின்டனும் ஜே.டி. பிராட்லியும் சேர்ந்து உருவாக்கிய பேரினம் அது. சேமிப்புப் பொருள்களைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றி அவர்கள் எழுதிவந்த வரிசையில், துணி அந்துக்களில் இரண்டு புதிய பேரினங்களை அறிமுகப்படுத்தினார்கள்; அவற்றில் ஒன்று இது. அதற்கு முன் இந்தப் பூச்சிகள் டினியோலா என்ற பேரினத்தில், குளிர்நாட்டுத் துணி அந்தோடு ஒரே பெயர்க்குடையில் இருந்தன. அந்தக் குளிர்நாட்டு அந்தின் புழு சுமந்து திரியக் கூடு கட்டுவதில்லை. துணியின் மேலேயே பட்டுச் சுரங்கம் அமைத்துக் கிடக்கும். பிரித்தது சரிதான்.

சிக்கல் இனத்தில்தான். கூடு சுமக்கும் இந்த வீட்டு அந்துக்கு இரண்டு பெயர்கள் போட்டியிடுகின்றன. 1892-இல் வியன்னாவின் ஹான்ஸ் ரெபெல், கேனரித் தீவுகளின் சிற்றந்துக்களை ஆராய்ந்து ‘அலூட்டெல்லா’ என்று ஒன்றுக்குப் பெயரிட்டார். 1897-இல் இங்கிலாந்தின் வால்சிங்கம் பிரபு ‘யூட்டெரெல்லா’ என்று இன்னொன்றுக்குப் பெயரிட்டார். பிரபுவுக்கு இது பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. 1910-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன அவருடைய தொகுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றந்து மாதிரிகள் இருந்தன. அமெரிக்க ஃபுளோரிடாவின் பழைய நூல்களிலோ இதே பூச்சி ‘டுபிட்டாட்ரிக்ஸ்’ என்ற மூன்றாவது பெயரில் இருக்கிறது.

இன்றைய பட்டியல்கள் அலூட்டெல்லாவையும் யூட்டெரெல்லாவையும் இரு தனி இனங்களாகவே கொள்கின்றன. யூட்டெரெல்லா தென் அமெரிக்கப் பக்கத்தைத் தாயகமாகக் கொண்டு மனிதரோடு உலகம் சுற்றியது என்று கருதப்படுகிறது. அலூட்டெல்லா கேனரித் தீவுகள், மடெய்ரா, சியெரா லியோன், சீஷெல்ஸ், இந்தியா, இலங்கை, ஜாவா, சமோவா, பனாமா என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கப்பல்கள் தண்ணீர் பிடித்த துறைகள். கேனரித் தீவுகளில் முதலில் பிடிபட்டதால் அது கேனரித் தீவுக்காரர் ஆகிவிடாது. பெயர் பெற்ற இடம் வேறு, பிறந்த இடம் வேறு. மூட்டை, பெட்டி, நாற்காலி எதிலும் ஒட்டிக்கொண்டு, வழியில் கிடைக்கும் ஒட்டடையைத் தின்று, கடல் கடந்து வாழக்கூடிய பூச்சி இது. 1786 முதல் துறைமுகமாக இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு எது வந்தது? ஒன்றா, இரண்டுமா?

சுவரில் பார்த்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் முடிவு. கூட்டை வைத்துச் சொல்லலாமே என்பார்கள். கூட்டின் நிறமும் சொரசொரப்பும் அந்தச் சுவரைப் பொறுத்தவை. சுண்ணாம்புக் காரைச் சுவரில் வளர்ந்தது வெளிறியிருக்கும், இரும்புக் கிராதியடியில் வளர்ந்தது துருவேறியிருக்கும். வீட்டின் குப்பையை அது காட்டும், பூச்சியின் இனத்தைக் காட்டாது. இறக்கைப் புள்ளிகளும் பயன்படா. செதில் உதிர்ந்த கிழட்டு அந்தில் அவை மங்கிப்போகும். ஆணிடம் தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருப்பதில்லை. கைப்பேசியில் படமெடுத்துச் செயலியிடம் கேட்டால் அது தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும். படத்தில் இல்லாத அடையாளத்தை அது எங்கிருந்து பார்த்தது?

அடையாளம் இருப்பது வயிற்றின் நுனியில். சிற்றந்துக்களில் இறக்கை ஒன்றுபோல இருந்தாலும் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். எனவே ஆய்வாளர்கள் செத்த அந்தின் வயிற்றைத் தனியே எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துச் சூடாக்குகிறார்கள். சதையெல்லாம் கரைந்து கைட்டின் என்ற கடினப் பொருள் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் அதைச் சுத்தம் செய்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதிக்கிறார்கள். ஆணானால் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரு மடல்களின் வடிவம், பெண்ணானால் விந்துப் பையின் சுவரில் இருக்கும் முள் தடிப்பு ஆகியவற்றை, முதலில் பெயரிடப்பட்ட மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பூச்சியின் வயிற்று நுனியில் செய்யும் வேலை. கை நடுங்கினால் மாதிரி போச்சு.

இந்த முறையை ஏற்காத பெரியவர் ஒருவர் இருந்தார். எட்வர்ட் மெய்ரிக், 1854 முதல் 1938 வரை வாழ்ந்த இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகின் மற்ற மூலைகளிலிருந்தும் தபாலில் வந்த சிற்றந்துக்களைக் கைக்கண்ணாடியால் பார்த்தே 14,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டார். அபார உழைப்பு. ஆனால் உறுப்பைப் பிரித்துப் பார்க்க அவர் மறுத்ததால், அவர் எழுதிய விவரணையை மட்டும் வைத்து ஒரு பூச்சியை உறுதி செய்வது பெரும்பாடு. ஸ்மித்சோனியனின் கேட்ஸ் கிளார்க், மெய்ரிக்கின் மூல மாதிரிகளைத் தேடிப் பிரித்துப் படமெடுத்து 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், சிற்றந்துக்களைப் பொறுத்தவரை பெயர் வைத்தவரைவிடச் சரிபார்த்தவருக்கு நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படிச் சரிபார்த்தவர்களில் நம் வட்டாரத்துக்கு முக்கியமானவர் கேடன் ராபின்சன், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டினெய்டே வல்லுநர். டினியா பெலியோனெல்லா என்ற துணி அந்துக்கு லின்னேயஸ் 1758-இலேயே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயரை ஒட்டி வைத்திருந்த உலகத்து மாதிரிகளை ராபின்சன் 1979-இல் உறுப்பு அமைப்பை வைத்து ஆராய்ந்து, அவை ஒரே இனம் இல்லை, ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் கூட்டம் என்று நிறுவினார். இருநூறு ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு துணிப்பூச்சிக்கே அந்த நிலை. அவரும் டக்கும் ஷாஃபரும் எழுதிய தென்கிழக்காசியச் சிற்றந்துக்கள் கையேடு 1994-இல் கோலாலம்பூரில் மலேசிய இயற்கைக் கழகத்தின் வெளியீடாக வந்தது. இந்தப் பகுதியின் சிற்றந்துக்களைப் பார்க்க ஆரம்பிப்பவர் முதலில் தேட வேண்டிய நூல் அது.

மரபணு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் 2003-இல் முன்வைத்த முறைப்படி, உயிரணுவின் இழைமணியில் இருக்கும் ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து இனத்தைப் பிரிக்கலாம். அந்தின் ஒரு கால் போதும். கூட்டில் விட்டுப்போன புழுத்தோலிலிருந்தும் முயலலாம். ஆனால் கிடைக்கும் எழுத்து வரிசையை ஒப்பிட, பெயர் உறுதியான மாதிரியின் வரிசை ஒன்று நூலகத்தில் இருக்க வேண்டும். சுவரில் பார்த்து ‘யூட்டெரெல்லா’ என்று எழுதிய மாதிரி நூலகத்துக்குள் போனால், பிறகு வரும் எல்லோருக்கும் இயந்திரம் அதே தவறைத் திருப்பிச் சொல்லும். மரபணுவும் கடைசியில் அந்த வயிற்று நுனியிடம்தான் வந்து நிற்கிறது.

நாளைக்கு யாராவது இரு மூல மாதிரிகளையும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று நிறுவினால் என்ன ஆகும்? விலங்குப் பெயரிடல் விதிப்படி மூத்த பெயர் நிற்கும்: 1892-இன் அலூட்டெல்லா. யூட்டெரெல்லா என்று எழுதிய நூல்களையெல்லாம் திருத்த வேண்டியதுதான். அதுவரை, பினாங்குச் சுவரில் பார்த்ததைப் பதிவு செய்பவர் ‘ஃபெரியோக்கா பேரினம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நாணயம். முழுப்பெயர் எழுதாத பதிவு குறைப்பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். சரிபார்க்காத முழுப்பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

பினாங்கு மலையில் 2017 அக்டோபரில் உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பெரிய உயிரினக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2021-இல் அந்த மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. நல்லது. மலை அடிவாரத்தில், 2008-இலேயே உலகப் பாரம்பரியத் தலமாகிவிட்ட நகரத்தின் சுவர்களில் என்ன வாழ்கிறது என்பதற்குக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. அஞ்சடி ஓரமாக நடந்தாலே போதும். நகர்ப்புறப் பூச்சியியலில் பெயர் பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் இதே தீவில், கெலுகோரில் இருக்கிறது.

எனவே அடுத்த முறை ஒட்டடை அடிக்கும்போது நகரும் கூடு ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். சுத்தமான சீசாவில் போட்டு, கொஞ்சம் ஒட்டடையும் நனைத்த பஞ்சும் வைத்து, மெல்லிய துணியால் வாய் கட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். அந்துக்குப் பதிலாகச் சிறு குளவி ஒன்று வந்தாலும் ஏமாற வேண்டாம். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் இதற்கு உண்டு, அதுவும் நல்ல பதிவு. அந்து வந்தால், இறக்கையை அடித்துச் செதிலை உதிர்க்குமுன், சீசாவோடு உறைபெட்டியில் ஒரு நாள் வைத்துவிடுங்கள். நாள், தெரு, எந்த அறை, கூடு எதன்மேல் இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்; மை ஈரத்தில் கலைந்துவிடும். பிறகு பூச்சியியல் துறை உள்ள பல்கலைக்கழகம் எதையாவது கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மற்ற கூடுகளுக்கு மருந்து அடிக்க வேண்டாம். ஒட்டடைக் கம்பு போதும்; சாப்பாடு இல்லாத சுவரில் அவை தங்குவதில்லை.